பஸ்ஸுக்குள் சொல்லக்கூடாத பேர்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று லொறிக்கு முதலாளியான எனக்குக் காது கூர்மை. கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்; நான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன்.

"அக்கா, வவுனியா லோயரம்மாவும் முந்தி எங்களைப் போல கார்மென்ற்ஸில தைச்சவாவாம். முகாமுக்குள்ள இருந்து படிச்சவாவாம்."

"பேரைச் சொல்லிப்போடாதை, மெல்லக் கதையடி! காணாமல் போன ஆக்களின்ர வழக்கும் அவாதான் பேசுறவா. அவாவிட்டப் போறவையின்ர வீட்டுக்கு சி.ஐ.டி. ஆக்கள் வந்து விசாரிக்கினம்."

"வயித்தில பிள்ளை எண்டதும் என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள். நான் வேற ஆரிட்டப் போறது?"

"ஓமடி. ஆனா பின்னால இருக்கிற ஐயாவைப் பார். நித்திரையெண்டால் குறட்டை எங்க? கதை கேக்கிறார்."

வவுனியாவுக்குப் பாதி வழி கிடக்க, மாங்குளத்திலேயே இருவரும் இறங்கிவிட்டார்கள்.