காற்றின் பங்கு

காலையில் உலர்த்திய துணி எத்தனை மணிக்குக் காய்கிறது என்று கவனிப்பது என் பழக்கம். அந்த வருடம் எல்லாமே பத்து மணிக்குள் காய்ந்துவிட்டன. அப்படி ஒரு காற்று.

நான் காற்றின் தரத்தைக் கணிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் மொட்டைமாடியில் எங்கள் கருவி தூசியை அளக்கிறது. ஆலையின் புகைபோக்கியில் புது வடிகட்டி மாட்டி ஒரு வருடம் முடிந்திருந்தது. அதனால் பலன் இல்லையென்றால் ஆலையை நிறுத்தவேண்டும் என்பது உத்தரவு.

தூசி கால்வாசி குறைந்திருந்தது. ஆனால் பலமாகக் காற்றடிக்கும் வருடத்தில் தூசி எப்படியும் கலைந்துபோகும். அதனால் காற்று, மழை, வெயில் இவற்றின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும். கழித்தேன். வரைபடத்தில் இறங்கிக்கொண்டிருந்த கோடு மேலே ஏறியது. ஆலை முன்பைவிட அதிகமாகக் கக்கிக்கொண்டிருந்தது. காற்று நின்றால் அத்தனையும் பள்ளியின்மேல் இறங்கும்.

கழிப்பதற்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு, ஆலையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போனேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

"நம்ம மௌனச்சாமி இன்னைக்காவது வாயைத் திறக்குமா?" என்றார் இயக்குநர். "சுத்தி வளைக்காம சொல்லும்மா. குறைஞ்சிருக்கா, இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"குறைஞ்சிருக்கு, சார்."

அது பொய் இல்லை. முதல் வரைபடத்தைக் கொடுத்தேன். இரண்டாவது பையிலேயே இருந்தது.

"பரவாயில்லையே, பொண்ணு தேறிட்டா," என்றார். அன்று எனக்கும் ஒரு கோப்பைத் தேநீர் வந்தது. அதற்கு முன் யாரும் எனக்கென்று எடுத்துவைத்ததில்லை.

அக்கா மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். குருவி என்று கூப்பிடுவோம்.

அடுத்த குளிர்காலத்தில் காற்று நின்றது. பதினோரு நாள் துணிகள் ஈரமாகவே தொங்கின. ஆறாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"ஏய், குருவிக்கு நெஞ்சு இழுக்குதுடி. நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பட்டுமா, வேண்டாமா? நீதானே நம்ம வீட்டு விஞ்ஞானி."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். எனக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வந்துவிடும்.

"வெறும் பனிதான்க்கா. அனுப்பு."

"கேட்டுக்கோ, உன் சித்தியே சொல்லிட்டா. நாளைக்கு மட்டம் போட முடியாதுடி வாலு," என்று அவள் குருவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. குருவி சிரிக்க முயன்று இருமினாள்.

ஒன்பதாம் நாள் குருவி இறந்தாள். அதே வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகள்.

வரைபடத்தை மறைத்தது நான்தான், ஐயா. அனுப்பச் சொன்னதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் வாக்குமூலம் துல்லியமாக இருக்கவேண்டும். அந்தப் பதினோரு நாட்களின் தூசியையும் அதே முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன், இம்முறை எதையும் விடாமல். காற்று நின்றுபோனதன் பங்கு எழுபத்தொரு சதவீதம்.

அதைக் கழித்துவிட்டு, மீதியை மட்டும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.