திருப்பாத தட்டு

அது தப்புங்க சார். எழுந்திரிக்காதீங்க, படகு ஊத இன்னும் நேரம் கெடக்கு. எங்க கடை சூப்பக் குடிச்சுக்கிட்டே கேளுங்க. ஜப்பான் தோத்து சண்டை முடிஞ்சது தெரியாமதான் அவங்க சிப்பாய் நீங்க முப்பது வருசம் கிட்ட எங்க மலையில ஒளிஞ்சிருந்தீங்கன்னு ஊர் உலகமே நம்பிட்டிருக்கு. இன்னிக்குப் பள்ளிக்கூட விழாவுல மேயரும் கண்ணு கலங்கி அதையேதான் சொன்னாரு. இவ்ளோ பெரிய பிழை வரலாத்துல நின்னுடக் கூடாது பாருங்க, அதான் திருத்துறேன். சண்டை முடிஞ்சிருச்சுன்னு விமானத்துலருந்து நோட்டீஸ் போட்டாங்க. அதை வச்சே எங்க நெல்லுக் குவியலக் கொளுத்துனீங்க. பாதிரியார் வீட்டு ரேடியோவத் தூக்கிட்டுப் போனீங்க. பேட்டரி தீர்ந்தா புதுசு எடுக்க எங்க மாமனார் கடைக் கூரையப் பிரிச்சீங்க. சண்டை முடியலன்னு நம்புற மனுசன் எதுக்குங்க உக்காந்து மணிலா ரேடியோவுல குத்துச்சண்டையக் கேட்டாரு?

சிரிங்க, சிரிங்க. எங்க பேச்சு நல்லாவே புரியுது. ஒட்டுக்கேட்டே கத்துக்கிட்டதுல்ல.

இப்பப் பாத்தீங்களா, மீன்காரர் இசோங் பாதி சாப்பாட்டுல கிளம்பினதும் எல்லாரும் அவங்கவங்க தட்ட ஒரு சுத்து திருப்பினாங்க? எங்க வழக்கம் அது. அப்பதான் போறவரு பத்திரமாப் போய்ச் சேருவாரு. தெரியாதா? எங்க வயலு, மாடு, எல்லாத்தையும் மேலருந்து பாத்தீங்க. வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கல.

எம் புருசன் சிப்ரியானோ அன்னிக்குக் காலையில சோறும் கருவாடும் பாதியில வச்சுட்டு எழுந்தாரு. அறுத்த நெல்லு வயல்லயே கெடக்கு, அவன் வந்து கொளுத்திடுவான்னாரு. அவன்னா நீங்கதான், மன்னிக்கணும். என் ஒரு கையில புள்ளை பால் குடிச்சிட்டிருந்துச்சு, இன்னொரு கையில சோறு. தட்டத் திருப்பல. மதியம் அவரைக் கதவுப் பலகையில கெடத்தித் தூக்கிட்டு வந்தாங்க. உங்க கடைசிக் கூட்டாளியும் செத்து, நீங்க ஒருத்தர் மட்டும் மிஞ்சின வருசம் அது. யாரு சுட்டதுன்னு நான் விசாரிக்கத் தேவையில்ல.

மாமியா விசாரிச்சாங்க. என்னைய. செபத்துக்கு வந்தவங்க முன்னாடி, உன் தட்டுதான்டி எம் புள்ளையக் கொன்னுச்சுன்னாங்க. சாகுற வரைக்கும் என் கையால ஒரு வாய் வாங்கித் தின்னல. ஊரும் ஆமான்னுச்சு. நானும் நம்பினேன். நீங்க மலையவிட்டு இறங்கி வந்து, எங்க அதிபர்கிட்ட மன்னிப்பு வாங்கி, மாலையோட விமானம் ஏறுனீங்க. நான் அப்பவும் தட்டத் திருப்பிக்கிட்டே இருந்தேன். யாராவது பல்லு குத்த எழுந்தாக்கூடத் திருப்புவேன்.

இன்னிக்கு மேடையில நீங்க பேசினதக் கேட்டப்பதான் எனக்குப் பாரம் இறங்குச்சு. அறுவடைக்கு வந்தவங்கள வேணும்னேதான் சுட்டேன், சிப்பாயோட கடமை அதுன்னு தெளிவாச் சொன்னீங்க. இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் கேட்டாங்க. ஆக, அது தட்டோட வேலை இல்ல.

இல்லதானே?

ஊதிடுச்சு. கிளம்புங்க. காசெல்லாம் வேணாம், உங்களுக்குச் சோறு போடுறது எங்களுக்குப் புதுசா என்ன. கடல் இன்னிக்குக் கொஞ்சம் கொந்தளிப்பாத்தான் இருக்கு, ஓரமா உக்காராதீங்க. நானும் இப்பதான் ஒரு தட்டு போட்டுக்கிட்டு உக்காந்தேன். கடை நெறைய ஆளுங்க சாப்பிட்டுட்டிருக்காங்க. திரும்பிப் பாக்கணும்னா பாருங்க சார்.

ஒருத்தர் தட்டும் அசையல.