கட்டத்துக்குள்ள கட்டம்

இல்லப்பா, அந்த பட்டனை இப்ப அமுக்காத. மொதல்ல காபியைக் குடி, ஆறிடும். கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிடாது, காலையிலேருந்து அசையாமத்தானே நிக்குது.

நீ சொன்னது புரிஞ்சுதுப்பா. கோளாறு என் மிஷின்ல இல்ல, ஃபைலைப் படிச்சுக் காட்டுற சிஸ்டத்துலயே ஒரு ஓட்டை. அதை அடைக்க இன்னிக்கு அப்டேட் வந்திருக்கு. போட்டுட்டா இனிமே நிக்காது, நீயும் வாராவாரம் மூணு மாடி ஏறி வரவேண்டாம். ரொம்ப சந்தோஷமாத்தான் சொல்ற.

வினை என்னால வந்ததுதான். முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு செக்‌ஷன்ல இருந்தவ நான். அங்க பழசை அழிக்கவே கூடாது. ஒரு அட்ரஸ் மாறினா, பழைய கட்டத்துக்குள்ளயே புதுசா ஒரு கட்டம் போட்டு எழுதணும். கை அப்படியே பழகிடுச்சு. வேலைய விட்டு வந்ததும், சொந்தக்காரங்க அட்ரஸெல்லாம் ஒரே ஃபைல்ல ஏத்தினேன். என் தம்பி ஒருத்தனே பதினேழு வீடு மாறியிருக்கான். கட்டத்துக்குள்ள கட்டம், அதுக்குள்ள இன்னொண்ணு. மிஷின் பாவம், உள்ள போயிட்டே இருக்கு, திரும்பி வரத் தெரியல.

இல்ல, தம்பி வர்றதில்ல. அந்தப் பதினேழுல ஒரு வீட்டுக்கும் நான் போனதில்ல. போன் பண்ணினா மீட்டிங்ல இருக்கேன்கா, அப்புறம் பேசறேன்பான். மத்தவங்களும் அப்படித்தான். அத்தனை பேர் அட்ரஸும் என்கிட்ட இருக்கு, என் அட்ரஸ் யார்கிட்டயும் இல்ல போல.

ஆமாம், ஃபைலை அழிச்சுடுங்கம்மான்னு மொத தடவையே சொன்ன. நானும் தலையாட்டினேன். நீ அழிச்சுட்டும் போன. பென்டிரைவ்ல ஒரு காப்பி இருந்துது. அது ரெக்கார்டு செக்‌ஷன் புத்திப்பா, எதுக்கும் ரெண்டு காப்பி வச்சுக்கும்.

அந்த அப்டேட்டை அடுத்த மாசம் போடக்கூடாதா? சும்மா கேட்டேன். உனக்கும் மேல ஆபீசர் இருப்பார்ல.

என்ன, காபியா? நீ வந்து நிக்கும்போதே எப்படி சூடா ரெடியா இருக்குன்னு கேக்கறியா? அதுல என்ன அதிசயம். கம்ப்ளைன்ட் குடுத்தா ஒரு மணி நேரத்துல ஆள் வரணும்ங்கறது உங்க கம்பெனி ரூல். நான் மொதல்ல பால் வாங்கிடுவேன். ரெண்டு கப்பையும் கழுவித் துடைச்சு வச்சுடுவேன். அதுக்கப்புறம்தான்ப்பா அந்த ஃபைலைத் திறப்பேன்.