சிலிக்கான் வச்ச ஜன்னல்

ராத்திரி பதினொன்றரை மணி. அறந்தாங்கியிலருந்து கட்டுமாவடி போற ரோடு. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. மழை விட்டு, எலையிலருந்து மட்டும் சொட்டிக்கிட்டிருந்துச்சு. அந்த ரோட்டுல ஒரே ஒரு டிவிஎஸ் வண்டி... ஓட்டுறது சேரன். டைல்ஸ் ஒட்டுற வேலைக்காரன். முன்னால சாக்குல சுத்தின டைல்ஸ் வெட்டுற மிஷின். பின்னால அவன் பொண்டாட்டி சத்யா. ஏழு மாசம்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சுத் தங்குன புள்ள அது. அதனால அவன் அவளை வீட்டுலயும் தனியா விட மாட்டான், வேலைக்கும் தனியா போக மாட்டான். பள்ளம் வந்தா வண்டிய நிப்பாட்டி, அவளை எறக்கி, நடக்க வச்சு, திரும்ப ஏத்திக்குவான். முப்பது கிலோமீட்டர் ரோட்டுக்கு ரெண்டரை மணி நேரம்.

இதை எங்களுக்குச் சொன்னவன் வெள்ளைச்சாமி. சத்யா அவன் கூடப் பொறந்த தங்கச்சி. கீரனூர்ப் பக்கம் ஒரு மண்டபத்துக்குத் தளம் போட்ட அன்னிக்கு ராத்திரி சொன்னான். சிமெண்ட் மூட்டை அடுக்குற தகரக் கொட்டகைக்குள்ள ஆறு பேரு, ஒருத்தன் கால் இன்னொருத்தன் தலைமாட்டுல இருக்கிற மாதிரி கிடந்தோம். கரண்டு இல்ல. தோள்பட்டை கழண்டு விழுறாப்புல இருந்துச்சு. அலுப்பு ரொம்ப மீறிப் போனா தூக்கம் வராது. கல்லு மண்ணு சுமந்தவனுக்கு அது தெரியும்.

சாரல் அடிக்குதுன்னு, கதவை ஒட்டிப் படுத்திருந்த இருளாண்டி எந்திரிச்சுக் கதவைச் சாத்தப் போனான்.

"முழுசாச் சாத்தாதடா. ஒரு சாண் விடு."

"நனையிறது நானு. ஒனக்கு என்ன, மூலையில மகராசனாட்டம் கிடக்க."

"நனைஞ்சா காஞ்சுக்கலாம். விடு."

அப்பிடிச் சொல்லிட்டுத்தான் மூலையிலருந்து வெள்ளைச்சாமி ஆரம்பிச்சான்.

அவங்க போன வீடு கட்டுமாவடிக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னால, ரோட்டைவிட்டு உள்ள தள்ளி இருந்துச்சு. சவுதியில இருக்கிற முகம்மது சுல்தான் கட்டுன வீடு. அவர் தம்பி ரியாசுதீன் நின்னு வேலை வாங்குறவரு. வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு குடி போறாங்க. பத்திரிகை அடிச்சாச்சு. ரெண்டு பாத்ரூம் டைல்ஸ் மட்டும் பாக்கி. வேலை பாத்துக்கிட்டே அங்கனயே தங்கிக்கிட வேண்டியது. சேரன் ஒட்டுவான். சத்யா உக்காந்த வாக்குல இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட் தேய்ப்பா.

மூலை ரூம்புலதான் கதவு, கண்ணாடி எல்லாம் மாட்டி முடிஞ்சிருந்துச்சு. அங்க பாயைப் போட்டாங்க. ஏசி வைக்கிற ரூம்பு. அதனால செவுத்துக்கு மேல காத்துப் போற ஓட்டையே கிடையாது. தள்ளுற கண்ணாடி ஜன்னல் ஒண்ணே ஒண்ணு. விளிம்பு பூரா ரப்பரு. சாத்திட்டா எறும்பு நுழையாது. அன்னிக்குத்தான் கதவுக்கு வார்னிஷ் அடிச்சிருந்தாங்க. உள்ள போனதுமே கண்ணு எரிஞ்சுச்சு. பெயிண்ட்டு, தின்னரு, ஈரப் பூச்சு, எல்லாம் சேர்ந்த வாடை.

நாம கட்டுற வீட்டுல முதல்ல படுக்குறவன் நாமதான். அந்த வாடை பூராவும் முதல்ல நம்ம நெஞ்சுக்குள்ள போயி, மிச்சம் மீதி அடங்குனப்பறந்தான் வீட்டுக்காரங்க பால் காய்ச்சுறாங்க. இதை வெள்ளைச்சாமி சொல்லல. நான் சொல்றேன்.

கொசு தாங்கல. சேரன் ஜன்னலைச் சாத்தி, கொண்டியப் போட்டுப் படுத்தான்.

விடிகாலம் மூணு மணி இருக்கும். முழிப்பு வந்துச்சு. கண்ணு தொறக்குது, கை கால் அசையல. நெஞ்சு மேல யாரோ குத்த வச்சு உக்காந்திருக்கிற மாதிரி பாரம். கத்துறான். சத்தம் வாய்க்குள்ளயே நிக்கிது. அப்ப...

சர்ர்ர்...

ஜன்னல் தள்ளுற சத்தம். கடக்காத்து வந்து மூஞ்சியில அடிச்சுச்சு. கருவாட்டு வாடையும் மழை வாடையும். கொஞ்ச நேரத்துல பாரம் எறங்கிருச்சு. எந்திரிச்சுப் பாத்தா ஜன்னல் ஒரு சாண் தொறந்து கிடக்கு.

"நீயா தொறந்த?"

"நான் எந்திரிக்கவே இல்லையே. மண்டை இடிக்கிது, பேசாமப் படுங்க."

மறுநாளும் அப்பிடியே. கொண்டி போட்டதை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் படுத்தான். மூணு மணிக்கு அதே பாரம். அதே சர்ர்ர்...

"அமுக்குவான் பேயி" அப்பிடின்னான் இருளாண்டி இருட்டுக்குள்ளருந்து.

"எம் மச்சானும் அதத்தான் சொல்லிச்சு" அப்பிடின்னான் வெள்ளைச்சாமி. "ஜன்னலத் தொறந்துக்கிட்டு வந்து நெஞ்சுல உக்காருதுன்னு."

"சரித்தானே?"

"நீ ஒழுங்காக் கேளு. முதல்ல எது, பாரமா... ஜன்னலா?"

இருளாண்டி துண்டை இழுத்துப் போத்திக்கிட்டான்.

செவ்வாக்கிழமை சேரன் மெதுவா ரியாசுதீன் கிட்ட பேச்சை எடுத்தான். "பாய், இந்த இடத்துல முன்னாடி ஏதாச்சும்..."

"ஏதாச்சும்னா?"

"இல்ல, ராத்திரியில நெஞ்ச அமுக்குது."

அந்த மனுசன் சிரிக்கல. ரூம்புக்குள்ள வந்து மூக்கை உறிஞ்சிப் பாத்தாரு. "சேரண்ணே, இங்க எப்பிடிப் படுக்குறீங்க? ஜன்னலை நல்லாத் தொறந்து வையிங்க. நான் துபாயில பத்து வருஷம் ஏசிக் குழாய் தொடைக்கிற வேலை பாத்தவன். அங்க புதுக் கட்டடத்துக்குள்ள ஆளை விடுறதுக்கு முந்தி நாள் கணக்கா ஃபேன ஓட விட்டு உள்காத்த வெளிய தள்ளுவாங்க. காத்து நல்லாருக்கான்னு அளக்க மிஷினே இருக்கு."

"தண்ணிய அளந்து வித்தாச்சு. இனி காத்தையுமா பாய்?"

"சிரிக்காதீங்க. வயித்துப்புள்ளக்காரி இருக்கு. கொசுவுக்கு வலை வாங்கித் தாரேன்."

சொன்ன மாதிரியே சாயங்காலம் வலையக் கொடுத்து விட்டாரு. ஆனா சேரனுக்கு வேற மாதிரி பட்டுச்சு. வெள்ளிக்கிழமை குடி போற வீடு. பேய் இருக்குன்னு பேர் வந்துட்டா என்னாவறது, அதான் மனுசன் காத்து, மிஷினுன்னு பேச்ச மாத்துறாருன்னு நெனச்சான். ரோட்டடி டீக்கடைக்காரன் வேற, இவன் சொன்னதைக் கேட்டுட்டு, "ஏழு மாசமா? அது உங்களுக்காக வரலப்பா. வயித்துல இருக்கிறதுக்காக வருது" அப்பிடின்னுட்டான். டீ ஆத்திக்கிட்டே சொன்னானாம், சர்க்கரை போதுமான்னு கேக்குற மாதிரி.

அன்னிக்கு ராத்திரி அவன் தூங்கல. ஜன்னலைச் சாத்திட்டு, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். மூணு மணிக்குச் சொக்குச்சு... சர்ர்ர்.

புதன்கிழமை மத்தியானம் வேலையப் போட்டுட்டு வெளிய போனான். கரி சுடுற மூட்டத்துல ஒரு படி கருவேலங்கரி வாங்கினான். கடையில கட்டிச் சாம்பிராணி. வந்து வேலையைத் தொடங்கினான்.

தண்டவாளம் மாதிரி ஜன்னல் ஓடுற பள்ளத்துல ட்ரில்லிங் போட்டு ரெண்டு ஸ்க்ரூ இறக்குனான். கண்ணாடி அசையாது. அப்புறம் சிலிக்கான் பசை பீச்சுற கன்னை எடுத்து ஜன்னலைச் சுத்தி ஒரு கோடு. விரலைத் தண்ணியில நனைச்சு வழிச்சான். அவன் கைவேலை அவ்வளவு சுத்தம். ஊசி போற எடம் விடல. கதவுக்கு அடியில ஈரச் சாக்கைச் சுருட்டித் திணிச்சான். தலைமாட்டுல, பேய் அண்டாம இருக்க இரும்பா ஒரு கொத்துக் கரண்டி. சாந்துச் சட்டியில கரியக் கொட்டிப் பத்த வச்சு, செவசெவன்னு கனிஞ்சதும் ரூம்புக்கு நடுவுல வச்சுச் சாம்பிராணிய அள்ளிப் போட்டான்.

"மூச்சு முட்டுதுங்க" அப்பிடின்னா சத்யா.

"இன்னைக்கு ஒரு ராத்திரி பொறுத்துக்க தாயி. அதுக்குத்தான் முட்டணும், நமக்கில்ல."

அவ அவனைக் கொஞ்ச நேரம் பாத்தா. "சரி"ன்னு சொல்லிட்டு ஒருக்களிச்சுப் படுத்துட்டா. பகல் பூரா தரையில குனிஞ்ச உடம்பு. சண்டை போடத் தெம்பில்ல. ஒரு கை வயித்து மேல. இன்னொரு கைய அவன் பிடிச்சுக்கிட்டான்.

சாம்பிராணி வாசம் கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு. கரி மட்டும் கனிஞ்சுக்கிட்டிருந்துச்சு. கரிக்கு வாசமே கிடையாது... அதுதான் அதோட குணம்.

வெள்ளைச்சாமி இந்த எடத்துல நிப்பாட்டிட்டான். தகரத்து மேல மழை. யாரோ இருமினாங்க. "சொல்லித் தொலைடா" அப்பிடின்னான் இருளாண்டி. அவன் குரல்ல கிண்டல் இல்ல.

எத்தனை மணின்னு தெரியாது. சேரன் முழிச்சான். மண்டைக்குள்ள சம்மட்டி அடிக்கிது. பாரம் நெஞ்சுல மட்டும் இல்ல, உடம்பு பூரா. கண்ணைத் திருப்பிச் சத்யாவைப் பாத்தான். வாய் தொறந்து கிடக்கு. அவன் பிடிச்சிருந்த கை துணி மாதிரி தொவண்டு கிடக்கு. கூப்புடணும்... நாக்கு எழும்பல.

டக்.

ஜன்னல் ஸ்க்ரூவுல இடிக்கிது.

டக். டக்.

வந்துருச்சுன்னு நெனச்சான். என் புள்ளைக்காக வந்துருச்சு. அவன் மனசுக்குள்ள கும்பிட்டது எந்தச் சாமியவும் இல்லையாம். சிலிக்கானைத்தான் கும்பிட்டானாம். விட்றாத, விட்றாத, பிடிச்சுக்கன்னு.

சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அவனுக்குத் தூக்கம் வந்துச்சு. அது மாதிரி சுகமான தூக்கம் வாழ்க்கையில வந்ததில்லைன்னு சொன்னானாம். அலுப்பு பூராவும் கழண்டு போற மாதிரி.

தொப்... தொப்...

கண்ணாடியில அடிக்கிது. மேல இல்ல, கீழ் விளிம்புல. பெரிய கை இல்ல. எலுமிச்சங்காயைத் துணியில கட்டி அடிக்கிற மாதிரி, மெத்துன்னு ஒரு அடி. விடாம அடிக்கிது. தொப்... தொப்... தொப்...

சிலீர்னு கண்ணாடி போச்சு.

காத்து உள்ள பாஞ்சுச்சு. மழையும் சேர்ந்து. எவ்வளவு நேரம் கழிச்சோ அவனுக்கு விரல் அசைஞ்சுச்சு, அப்புறம் முழங்கை. தவழ்ந்து போயிச் சாக்கைப் புடுங்கிக் கதவைத் தொறந்து, அவளைப் பாயோட இழுத்து வாசல்ல மழையில போட்டான். கன்னத்துல அடிச்சான். பேர் சொல்லிக் கத்தினான். பேய் பின்னாலயே வருதுன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே கத்தினானாம். அவ ஒரு தடவை விக்கி, வாந்தி எடுத்தா. உசுரு இருந்துச்சு.

ரியாசுதீனுக்குப் போன் போட்டு, அவர் கார்ல அறந்தாங்கி கொண்டு போனாங்க. ஆக்சிஜன் வச்சாங்க. டாக்டரம்மா சேரனைத் திட்டின திட்டு கொஞ்ச நஞ்சமில்ல. "மூடுன ரூமுல கரியப் போட்டுப் படுப்பானாய்யா ஒருத்தன்? இன்னும் கால் மணி நேரம் இருந்தா மூணு பேருமே போயிருப்பீங்க." வயித்துல மிஷினை வச்சுப் பாத்தாங்க. துடிப்பு இருந்துச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் அவன் தரையில உக்காந்து அழுதான்.

மறுநாள் சாமான் எடுக்க ரியாசுதீனோட திரும்பிப் போனான். ரூம்புக்குள்ள சாம்பல், பாய், கொசுவலை. தரையில தேடுனாங்க. ஒரு கண்ணாடிச் சில்லு கூட இல்ல. வெளிய போய்ப் பாத்தா எல்லாம் மணல்ல கிடக்கு. எட்டடி தூரத்துக்குச் சிதறி.

"நல்லவேளை, கடைசி நேரத்துலயாச்சும் ஒடச்சீங்கண்ணே" அப்பிடின்னாரு ரியாசுதீன். "எதால அடிச்சீங்க? கரண்டியாலயா?"

கரண்டி தலைமாட்டுல வச்ச எடத்துலயே இருந்துச்சு. சேரன் குனிஞ்சு அதை எடுத்துக்கிட்டான். தலைய மட்டும் ஆட்டினான்.

"வெளியில கிடந்தா... உள்ளருந்துல்ல அடிச்சிருக்கு" அப்பிடின்னான் இருளாண்டி.

"ஆமா."

"ஒந் தங்கச்சி அடிச்சிருக்கும்."

"அவ கை எம் மச்சான் பிடியில இருந்துச்சுன்னு சொன்னேன்ல."

"இன்னொரு கை?"

"வயித்து மேல. வச்சது வச்சபடி."

"அப்ப ரூம்புக்குள்ள வேற யாருடா இருந்தா?"

வெள்ளைச்சாமி இருட்டுல பீடிக்குத் தடவினான், கிடைக்கல.

"பொங்கல் கழிச்சு, புதுக்கோட்டையிலதான் பிரசவம். பொட்டப்புள்ள. அழுதுக்கிட்டேதான் வெளிய வந்துச்சு. தொடச்சுக் கொண்டாந்து குடுத்த நர்சம்மா எங்க ஆத்தாக்கிட்ட இடது கைய விரிச்சுக் காமிச்சுச்சு. உள்ளங்கை குறுக்க ஒரு வெட்டு... ஆறி, தழும்பாயிருந்துச்சு."