தாய்மாமன் மடியில் தாம்பூலத் தட்டு

புத்தூரை அடுத்த சிறிய ரயில் நிலையத்தில் ஏறிய இருவர் என் எதிரே அமர்ந்தனர். நிச்சயதார்த்தத் தாம்பூலத் தட்டை மடியில் வைத்திருந்தவர், ரயில் நகர்ந்ததும் தம் அக்காள் கணவரிடம் சொன்னார்:

“வெள்ளைக்காரன் ஒங்க பக்கந்தான் மாமா.”

“இன்னா மச்சான் ஒளர்ற?”

“இதே பொண்ண என் பையனுக்குத்தான் மொதல்ல கேட்டோம். பொண்ணுக்கு ரேணிகுண்டாவுல வேலை, டெய்லி போய்வர ஒங்க ஊர்ல டேசன் இருக்குதுன்னு ஒங்க பையனுக்கு சரின்னுட்டாங்க. எங்க ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா வராது.”

“மருமவ வேலைக்குப் போவவா வெள்ளைக்காரன் லைன் போட்டான்? நம்ம பருத்தி, கடலையெல்லாம் மெட்ராசு கப்பலுக்கு ஏத்திக்கினு போவப் போட்டான். திரும்பி வரசொல்ல சீமை மில்லுத் துணியக் கொண்டாந்து இங்க தறிய நிறுத்திட்டான்.”

“தறி ரெண்டு ஊர்லயுந்தான் நின்னுச்சு. டேசன் ஒங்களுக்கு மட்டுந்தானே வந்துச்சு?”

மாமா ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார்.

“அதோ எங்க கயனி. நடுவுல அறுத்துனு போயிருக்கான் பாரு. இன்னிக்கும் அந்தாண்ட பாதிக்குத் தண்ணி கட்டணும்னா, ரயில்வே கேட்டு வரிக்கும் சுத்திக்கினு போறோம்.”

இரண்டாகக் கிடந்த அந்த நிலம் மறையும்வரை மைத்துனர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எங்க கயனியையும் அறுத்திருக்கக் கூடாதா மாமா?”

ரேணிகுண்டா வந்தது. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஆயிற்றே. தட்டை அவரே ஏந்திக்கொண்டு முதலில் இறங்கினார்.