படகின் பெயரில் ஒரு கேள்வி

பிள்ளைகளே, இன்று எண்ணூர் பேருந்தில் என் முன் இருக்கையில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகும் இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மாமு, போன்ல உன் படகு பேரைத் தேடினா, 'கடலுக்குப் போனாலே வாந்தி வருது, இன்னா பண்றது?'ன்னு ஒரு கேள்விதான் மொதல்ல வருது."

"அய்யய்யோ! அது வாந்திக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் யோசனை சொல்ற சைட்டுடா. நம்மள மாதிரி ஆளுங்க மட்டும்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன். என் பேரைப் போட வெக்கம், படகு பேரைப் போட்டுட்டேன்."

"படகுல அஞ்சு பேரு கீறீங்க. நீதான்னு யாருக்குத் தெரியும்?"

"அஞ்சு பேர்ல வாந்தி எடுக்கறவன் நான் ஒருத்தன்தான்டா! ஞாயித்துக்கெழம பொண்ணு வூட்லேந்து வராங்கோ. வரப்போற மாமனாரு விசைப்படகு ஓனரு. தேடிப் பாக்காம பொண்ணு குடுப்பாரா?"

"அப்ப அழிச்சிடு."

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு நைனா."

"அப்ப ஒரே வழி. படகுக்கு வேற பேரு வெச்சிடு!"

பேச்சுவாக்கில் படகின் பெயரையும் சொன்னார்கள். அதை இங்கே நான் எழுதவில்லை.

வீட்டில் நீங்கள் யாரும் இல்லாதபோது அந்தப் பெயரைப் போனில் அடித்தேன். தேடு என்பதை அழுத்துமுன் அந்தப் பையனின் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.