எதிர்க் கொட்டில் பன்றிகள்

பன்றி சுத்தமான பிராணி. போதுமான இடம் கொடுத்தால் தான் படுக்கிற மூலையை அசிங்கப்படுத்தாது. ராஜையனின் பண்ணையில் நான் முதலில் கவனித்தது அதைத்தான். திருவட்டாற்றுக்கு அப்பால், ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கிறது. நீங்கள் இதற்குள் அங்கே போய்ப் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் ஞானதாசன். கால்நடை நோய்க்கிருமிகளை ஆராய்பவன். ராஜையனின் ஒரு கொட்டிலில் பன்றிகள் மூளைக்காய்ச்சலில் தலை சாய்ந்து, நின்ற இடத்திலேயே சுற்றிச் செத்துக்கொண்டிருந்தன. எதிர்க் கொட்டிலில் இருந்தவை நன்றாகத் தின்றன. இரண்டு கொட்டில் பன்றிகளின் தொண்டையிலும் ஒரே பாக்டீரியா. அது ஆச்சரியமில்லை, நலமான பன்றியிலும் அது குடியிருக்கும். ஆனால் கொல்லுகிற வகை வேறு, சும்மா குடியிருக்கிற வகை வேறு என்று நான் நிரூபித்தேன். கட்டுரை வெளிவந்தது. என் சோதனையை மற்ற பண்ணைகளுக்கும் கொண்டுபோகப் பேச்சு நடந்தது.

என் ஆய்வகத்தில் லிஜா வேலை பார்த்தாள். குலசேகரத்துக்காரி, கவனமான பெண். நான்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கொட்டில் கிருமிகளையும் மறுபடி ஒப்பிட்டுவிட்டு ஒரு மதியம் என்னிடம் வந்தாள்.

“சாரே, ரெண்டும் ஒண்ணுதான். சாம்பிள் கலந்துபோனதுலதான் வித்தியாசம் வந்திருக்கு. அந்த நல்ல பன்னிகளுக்கும் பொறவு சீக்கு வரும்.”

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். எதிர்க் கொட்டிலுக்கு நோய் வந்தால் அவள் சொன்னது உண்மையாகிவிடும். வராமலே போனால் நான் சொன்னது நிற்கும். அவற்றுக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று பட்டது.

ஞாயிறு காலை ராஜையன் குடும்பத்தோடு ஆராதனைக்குப் போய்விடுவார். சர்ச் ஒலிபெருக்கியின் பாட்டு தோட்டம் முழுக்கக் கேட்கும். அந்த நேரம் பார்த்து எதிர்க் கொட்டிலுக்குப் போனேன். அறுக்குமுன் பன்றியின் நெற்றியில் அடிக்கிற நீளப் பிடிச் சுத்தியல் சுவரோரம் சாத்தியிருந்தது. முதல் பன்றி என்னை அடையாளம் கண்டு மூக்கை நீட்டியது. எலும்பு நான் நினைத்ததைவிடக் கெட்டி. இரண்டாவது அடியில்தான் மண்டை உள்ளே போனது. மற்றவை சுவரில் ஏறப் பார்த்தன. சில, தலையைச் சாய்த்தபடி நின்ற இடத்திலேயே சுற்றின. பயத்தில் அப்படித்தான் செய்யும். முதலில் முன்னங்காலை உடைத்தால் வேலை எளிது என்று போகப்போகப் புரிந்தது. ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கி வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றுகூட நோயால் சாகவில்லை.

நிமிர்ந்தபோது கொட்டில் வாசலில் லிஜா நின்றாள். கையில் சாம்பிள் வைக்கிற ஐஸ் பெட்டி.

“என்ன செய்யுதிய சாரே?” அவள் மெதுவாகத்தான் கேட்டாள். “அதுக ரெண்டு நாளா தின்னல்ல. காய்ச்சல் வந்தாச்சுண்ணு ராஜையன் அண்ணன் போன்ல விளிச்சு சொன்னாரு. அதான் வந்தேன்.”

அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒருமுறை அடித்தேன். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மறுபடி அடித்தேன். பன்றியோடு ஒப்பிட்டால் மெல்லிய எலும்பு. அவளுக்கு மூன்றாவது அடி தேவைப்படவில்லை.

சுத்தியலைக் கழுவி வைத்தேன். ராஜையன் வந்ததும் பிள்ளைகளை உள்ளே விடவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அந்தப் பன்றிகளின் மூளையில் சீழ் இருந்ததாக உங்கள் கால்நடை மருத்துவர் சொல்கிறாராம். அவர் சொல்லட்டும். அவை நலமாகத்தான் இருந்தன, இன்ஸ்பெக்டர். நான் அடிக்கும்வரை நலமாகத்தான் இருந்தன.